திறந்திருந்த ஃபோல்டர்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே நானும் என் விடுதிப் பெண்களும் சுகம். பெண்கள் என்னைவிடச் சுகம். வார்டனுக்குக் காது மந்தம் என்பது அவர்களுக்குக் கிடைத்த வரம். மாடியில் பாட்டு அலறும்போது நான் கீழே ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று சமையல்காரி சொல்லிச் சிரிக்கிறாள். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரி சிட்டுவிடமிருந்து கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. போனில் பேச என் காது உதவாது. செல்லில் தட்டி அனுப்பலாமென்றால் என் விரல் பருமனுக்கு ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழுகிறது. அதனால்தான் நமக்குள் கடிதம் என்று வைத்துக்கொண்டோம். சிட்டுவும் இத்தனை வருஷமாக அதைத் தவறவிட்டதில்லை. எழுத ஒன்றும் இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரி புதுத் திரைச்சீலை மாட்டியதையாவது ஒரு பக்கத்துக்கு எழுதுவாள். போன தடவை உங்கள் கடிதத்தின் அடியில் "அக்கா, நலம்" என்று இரண்டே சொல். அதுவும் அவள் எழுத்து மாதிரியே இல்லை.

என் மேல் கோபமா என்று கேட்டுச் சொல்லுங்கள். தலை பின்னிவிட்டு வளர்த்தவள் மேல் தங்கைக்குக் கோபம் வரக்கூடாது என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். முட்டி அது பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். உங்கள் காதுக்குப் புது மருந்து ஏதாவது கொடுத்தார்களா?

சிட்டுவுக்குக் கோபமெல்லாம் இல்லை. ஆபீஸில் எல்லோருக்குமே தலைக்கு மேல் வேலை. எங்கள் கம்பெனியில் ஃபைல்களையெல்லாம் வைத்திருக்கும் பழைய சர்வர் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கியிருக்கிறார்கள். ஃபைல்களெல்லாம் இடம் மாறியாகிவிட்டது. யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்ற அனுமதிகளைத்தான் ஆரம்பத்திலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அது என் தலையில். அனுமதி இல்லாதவர் ஒரு ஃபோல்டரைத் தொட்டால் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று திரையில் ஒரு பெட்டி வரும். அவ்வளவுதான். உடனே மீசை நரைத்த மெக்கானிக் கூட வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றிய பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். "சார், எனக்கு மட்டும் ஏன் சார் இப்படி? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்கிறார்.

உங்கள் விடுதி மாதிரிதான் இதுவும். வாசல் கேட் சாவியும் வேண்டும், அறைச் சாவியும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் பெண் வெளியேதான் நிற்பாள். இங்கே சர்வருக்குள் வர ஓர் அனுமதி, உள்ளே இருக்கும் ஃபோல்டருக்கு ஓர் அனுமதி. ஆளை ஒரு குழுவில் சேர்த்துவிட்டால் அந்தக் குழுவுக்கு உள்ளதெல்லாம் அவருக்கும் வந்துவிடும். பாதிப் புகாருக்கு மருந்து ஒன்றே ஒன்றுதான். "ஒரு தடவ வெளிய வந்துட்டு மறுபடி உள்ள போங்க" என்பேன். அப்போதுதான் புது அனுமதி ஒட்டும். பெரிய வித்தைக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சிட்டுவுக்கும் இதே தொல்லைதான். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட், எப்போது பழுது பார்த்தது, யார் போனது என்ற சேதியெல்லாம் ஆவணப் பிரிவில் அவள் பொறுப்பு. ஃபோல்டர் திறக்கவில்லை என்று தினமும் என்னைக் கூப்பிடுகிறாள். இந்த மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். பிறகு நீளமாக எழுதுவாள்.

வணக்கத்துடன்,
தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காதுக்குப் புது மருந்து கொடுத்தார்கள். இப்போது கேட்காததோடு அரிக்கவும் செய்கிறது.

சாவிக் கதை நன்றாகப் புரிந்தது. பத்து வருஷமாக இடுப்பில் சாவிக்கொத்தோடு அலைகிறவளுக்கு இதைக்கூட விளங்கிக்கொள்ள முடியாதா? ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது ஒன்று இடறியது. மெக்கானிக்குக்கு ஒரு தடவை சரிசெய்தால் போதும் என்கிறீர்கள். சிட்டு ஏன் தினமும் கூப்பிட வேண்டும்? கட்டிய புருஷனே சாவி கொடுக்கிறவனாக இருக்கும்போது அவளுக்கு முதலில் அல்லவா சரியாகியிருக்க வேண்டும்?

சும்மா கேட்கிறேன், பதில் எழுதுங்கள். பேசும்போது சொல் கிடைக்காமல் நிற்கிறாளா? "அது, அந்த இது" என்று கையை ஆட்டுகிறாளா? கேட்டதையே திரும்பக் கேட்கிறாளா? பழகிய தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தயங்குகிறாளா?

வேறொன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டுவின் ஃபோல்டர் விவகாரத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். முதலில் அவள் ஆவணப் பிரிவுக் குழுவில் இருக்கிறாளா என்று பார்த்தேன். இருக்கிறாள். வெளியே வந்து உள்ளே போகச் சொன்னேன். போனாள். அடுத்து மறுப்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இது ஒரு விசித்திரம், அக்கா. ஓர் ஆளுக்கு எத்தனை குழு வழியாக அனுமதி இருந்தாலும், ஏதோ ஒரு மூலையில் அந்தப் பெயருக்கு மறுப்பு என்று ஒரு குறி இருந்தால் அதுதான் ஜெயிக்கும். அனுமதியெல்லாம் கைகட்டி நிற்கும். அப்படி ஒரு குறியும் இல்லை. மேல் ஃபோல்டரின் அனுமதி கீழே இருப்பவற்றுக்கு இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்குகிறது. ஒருவேளை பக்கத்து மேஜைக்காரர் பெயரில் உள்ளே போயிருக்கிறாளோ என்று பார்த்தேன். தன் பெயரில்தான் இருந்தாள்.

கடைசியில் நேரிலேயே போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சர்வர் தகராறுதான். புது சர்வர் அல்லவா, அப்படித்தான் இருக்கும்.

அவளுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே முகம் விழுந்துவிடுகிறது. இனி அது அவள் கண்ணிலேயே படக்கூடாது என்று எல்லா ஃபோல்டருக்கும் முழு அனுமதி கொடுத்துவிட்டேன். அவள் எதை வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம், நகர்த்தலாம். விதிப்படி இது கூடாது. வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு துளி அனுமதிகூடக் கொடுக்காதே என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவனே நான்தான். பரவாயில்லை, ஒருத்திக்குத்தானே.

நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கு நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

வணக்கத்துடன்,
தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

எனக்குக் காது கேட்காதுதான். அதற்காக நீங்கள் அதைக் குத்த வேண்டாம். நான் கேட்டது நான்கு கேள்வி. நீங்கள் எழுதியது இரண்டு பக்கம். அதில் என் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. பெண்கள் நேரம் கழித்து வந்துவிட்டு பஸ் எங்கே நின்றது, டிரைவர் எப்படி ஓட்டினார் என்று நீட்டி முழக்குவார்களே, அப்படி இருந்தது. அதிகமாக விளக்குகிறவளைத்தான் நான் உட்கார வைத்து விசாரிப்பது.

நான் ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வந்தபோது எங்கள் அம்மாவுக்கு, இப்போது சிட்டுவுக்கு இருக்கும் வயதுதான் இருக்கும். ஆரம்பத்தில் நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்று, "பீரோ திறக்க மாட்டேங்குதுடி" என்பாள். அப்பா பூட்டை மாற்றினார். கீல்களுக்கு எண்ணெய் விட்டார். தச்சனைக் கூப்பிட்டுக் கதவையே மாற்றிப் போட்டார். பூட்டில் ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் அம்மா என்னைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள். சிட்டு அப்போது சின்னப் பெண். அம்மாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று அவளிடம் சொல்லிவைத்தோம். இன்றுவரை அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

வழி தெரியாத பெண்ணுக்கு எல்லா அறைச் சாவியையும் கொடுத்துவிட்டால் வழி தெரிந்துவிடுமா, தம்பி?

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு எழுதுங்கள்.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. என்னைத் திட்டியாவது எழுதியிருக்கலாம்.

சிட்டுவிடமிருந்து கடிதம் வந்தது. படித்துச் சந்தோஷப்பட்டேன். சமையல்காரிக்கும் வாசித்துக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரி வீட்டை விற்கிறாளாம், நீங்கள் குடையைத் தொலைத்துவிட்டீர்களாம், மழைக்காலம் முடிந்ததும் என்னைப் பார்க்க வருகிறாளாம். மறுநாள் இன்னொரு கடிதம் வந்தது. எதிர்வீட்டுக்காரி வீட்டை விற்கிறாள், நீங்கள் குடையைத் தொலைத்துவிட்டீர்கள், மழைக்காலம் முடிந்ததும் வருகிறாள். அதே வரிசை, அதே வார்த்தை. கடைசியில் மட்டும், "நான் எழுதி ரொம்ப நாளாச்சுன்னு கோவமா அக்கா?" என்று கேட்டிருந்தாள்.

இரண்டாவதைச் சமையல்காரிக்கு வாசித்துக் காட்டவில்லை.

எழுதுங்கள், தம்பி. தயவுசெய்து எழுதுங்கள்.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம் என்று எழுதிப் பழகிய கை இந்தத் தடவை அந்தச் சொல்லுக்குப் போகவில்லை.

நீங்கள் பீரோவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் கடிதத்தை ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டு மூடினேன். எடுத்துப் பதில் எழுதத் துணிச்சல் வரவில்லை. அன்று அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா? ஃபோல்டர் திறந்துதான் இருந்தது, அக்கா. திரை முழுக்கக் கட்டடங்களின் பெயர்கள். அவள் கை மவுஸ் மேல் இருந்தது. "பாருங்க, திறக்கவே மாட்டேங்குது. எவ்ளோ நேரமா முயற்சி பண்றேன்" என்றாள். நான் திரையைப் பார்த்தேன், பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆமா, சர்வர் தகராறு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

வந்தபிறகும் சும்மா இருக்கவில்லை. அவளுடைய அனுமதிகளை மறுபடியும் ஆதியோடந்தமாகத் தேடினேன். இத்தனை வருஷ வேலையில் பிழை இருக்கக்கூடாது என்றுதான் தேடியிருக்கிறேன். ஒரு பிழையாவது இருக்க வேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டு தேடியது அன்றுதான். எல்லாம் சரியாக இருந்தது. நீங்கள் கேட்ட நான்கு கேள்விக்கும் பதில் ஆமாம் என்பதுதான். தெருமுனையில் நின்றுகொண்டு, "நீங்க முன்னால போங்க, நான் வரேன்" என்பாள். நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்ப்பதற்காக அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

முழு அனுமதி கொடுத்த லட்சணத்தையும் கேளுங்கள். போன மாதம் ஒரு நாள், பராமரிப்பு ஃபோல்டரை மொத்தமாக இழுத்து வேறெங்கோ போட்டுவிட்டாள். பழைய அனுமதி மட்டும் இருந்திருந்தால் அது அசைந்திருக்காது. அந்தப் பெட்டி வந்து அவள் கையைப் பிடித்திருக்கும். அதைத்தான் நான் எடுத்துவிட்டேனே. மறுநாள் காலையில் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண். அந்தக் கட்டடத்தில் மெஷின் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற சேதி அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது. மெக்கானிக் வாசலில் நின்றுகொண்டு போனில் கத்துகிறார். நான் ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குழந்தை அழுவது போனில் எனக்குக் கேட்டது. ஒருவழியாகக் கண்டுபிடித்துச் சொன்னேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வெளியே வந்தார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அவங்களுக்கு எதுக்கு இவ்ளோ அனுமதி? யார் கொடுத்தது?" என்றார். "நான்தான் சார்" என்றேன். "உங்க வீட்டம்மாங்கறதாலயா?" என்றார். "ஆமா சார்" என்றேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் கேட்டபிறகு போனேன்.

டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். போனது திரும்பாது, போகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான் என்றார். வெளியே வந்ததும், "என்ன சொன்னார்?" என்று கேட்டாள். உடம்பில் சத்துக் குறைவு, மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றேன். நம்பிவிட்டாள். அவளுக்குத் தெரியவே கூடாது, அக்கா. எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

தம்பி


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனாவைத் திறப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. விடுதியில் வார்டன் அழுவதைப் பார்த்த பெண்கள் அன்று சத்தமே போடவில்லையாம். போட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பா பூட்டை மாற்றினார், நீங்கள் அனுமதியை மாற்றினீர்கள். பெண்டாட்டி மேல் பிரியம் உள்ளவர்கள் செய்கிற காரியம்தான் இது. ஆனால் இனி செய்யாதீர்கள். அந்தக் கைக்குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

நான் அம்மாவோடு இருந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அவள் சொல்வதைத் திருத்தாதீர்கள். திங்கள்கிழமையை வெள்ளி என்றால் வெள்ளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். "இப்பதானே சொன்னேன்" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயில் வரக்கூடாது. வேலையிலிருந்து நிறுத்திவிடுங்கள், ஆனால் தனியாக விடாதீர்கள்.

அவளிடம் மறைப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் நாங்கள் மறைத்தோம். அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, எங்களுக்காகச் சும்மா இருந்தாளா என்பது கடைசிவரைக்கும் புரியாமலே போய்விட்டது. அது இன்னும் என்னை அறுக்கிறது. உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள். நீங்கள்தான் அவளோடு இருக்கிறீர்கள்.

பெண்களுக்குப் பரீட்சை முடிந்ததும் வருகிறேன். நீங்களும் சாப்பிடுங்கள். அவளைக் கவனிக்கிறேன் என்று உங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இந்தத் தடவை டிராயரில் போடவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

போன வாரத்தோடு சிட்டு வேலையிலிருந்து நின்றாள். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். "நல்லதாப் போச்சு, வீட்ல ஒட்டடை அடிக்கவே நேரம் இல்ல" என்றாள். நாற்காலி மேல் போட்டிருந்த ஸ்வெட்டரையும் தேநீர்க் கோப்பையையும் பையில் வைத்துக்கொண்டாள். பக்கத்து மேஜைப் பெண் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபோது, இவள்தான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஆள் போனால் அவருடைய அனுமதிகளை எடுத்துவிட வேண்டும். மேனேஜர் வேறொருவரை விட்டுச் செய்துகொள்ளலாம் என்றார். நானே செய்கிறேன் என்றேன். அவள் பெயரைத் திறந்து ஒவ்வொரு குழுவிலிருந்தும் எடுத்தேன். ஆவணப் பிரிவு, பராமரிப்பு, படங்கள் வைக்கிற இடம், எல்லோரும் பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிற ஒரு ஃபோல்டர். எடுக்க எடுக்க, "நிச்சயமாகவா?" என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது. ஆம் என்று அழுத்திக்கொண்டே போனேன். மனுஷன் யாராவது அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால் கை நீட்டி அடித்திருப்பேன்.

கடைசியில் கணக்கை நீக்குவதா, முடக்குவதா என்று ஒரு தேர்வு இருந்தது. நீக்கினால் அந்தப் பெயரே இருக்காது. முடக்கினால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும், யாரும் அதை வைத்து உள்ளே வர முடியாது. நான் முடக்கினேன். நீக்கியிருக்க வேண்டும், விதி அதுதான். மேனேஜர் பார்த்தார், அப்படியே விட்டுவிட்டார்.

நான் ஆபீஸ் போயிருக்கும்போது கீழ்வீட்டு அம்மா வந்து அவளோடு உட்கார்ந்துகொள்கிறார். மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாள். சத்துக் குறைவு என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த மட்டில் நிம்மதி.

நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும், அக்கா. யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. வாருங்கள்.

தம்பி


அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். சுருக்கமாக எழுதுகிறேன்.

பரீட்சை வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. சாவிக்கொத்தை உதவி வார்டனிடம் கொடுத்துவிட்டேன். இடுப்பு லேசாகிவிட்டது, நடக்கவே என்னவோ போல இருக்கிறது. நீண்ட விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தாகி வந்ததும் ரயில் ஏறுவேன்.

நான் வருவதைச் சிட்டுவிடம் தினமும் சொல்லுங்கள். மறந்துபோனால் மறுநாளும் புதுச் சேதியாகச் சொல்லுங்கள். தினமும் ஒரு தடவை சந்தோஷப்படட்டும்.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் வருவதை அவளிடம் தினமும் சொல்கிறேன். தினமும் கைகொட்டிச் சிரிக்கிறாள்.

நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். புகார் சொல்கிற போன் அடித்தது. எடுத்து, "ஹெல்ப் டெஸ்க், சொல்லுங்க" என்றேன்.

"சார், ஆவணப் பிரிவுலேர்ந்து பேசறேன்" என்றது அவள் குரல்.

வீட்டிலிருந்து கூப்பிடுகிறாள். எத்தனையோ மறந்தவளுக்கு இந்த எண் மறக்கவில்லை. என் குரலைக் கேட்டதும் "என்னங்க" என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. யாரோ வேற்று மனிதரிடம் பேசுகிற மரியாதையோடு பேசிக்கொண்டு போனாள்.

"சார், எனக்கு எந்த ஃபோல்டருமே திறக்கல. ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கு. உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கறேன்."

"தொந்தரவெல்லாம் இல்லம்மா" என்றேன். "நான் பாக்கறேன்."

"பாத்தாலும் ஒண்ணும் இருக்காது சார். கோளாறு உங்க சர்வர்ல இல்ல. என்கிட்டதான்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளே பேசினாள்.

"எங்கம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. நான் சின்னப் பொண்ணுதான், ஆனா பாத்துக்கிட்டுதானே இருந்தேன்? எங்கக்கா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா, பாவம். என் வீட்டுக்காரரும் உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்கறார். அன்னிக்கி என் பின்னால வந்து நின்னு பாத்துட்டு, சர்வர் தகராறுன்னு சொல்லிட்டு ஓடினார் பாருங்க, அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. இப்ப சத்து மாத்திரைன்னு ஒண்ணு கொடுக்கறார். நானும் வாங்கிப் போட்டுக்கறேன். எனக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சா அவர் ஒடஞ்சு போயிடுவார் சார்."

கீழ்வீட்டு அம்மா காதில் விழக்கூடாது என்றோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. அதான் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா சொல்ல மாட்டேம்மா."

"நல்லா இருங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வருகிற ஒவ்வொரு புகாரையும் பதிய வேண்டும் என்பது எங்கள் விதி. நான் பதியவில்லை. படிக்கட்டுப் பக்கம் போய், யாரும் வராத இடத்தில் நின்றுகொண்டு அழுதேன், அக்கா. இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வந்தது. தெரியக்கூடாது, தெரியக்கூடாது என்று நான் அவளைப் பொத்திப் பொத்தி வைத்திருக்க, அவள் அத்தனையையும் தெரிந்துகொண்டு என்னைப் பொத்தி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, எனக்கும் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் போனேன். கதவைத் திறந்தாள். "என்னங்க, முகமெல்லாம் வாடிக் கெடக்கு?" என்றாள். முட்டிவலி என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கி ஆபீஸ்ல நெறைய பேர் கூப்பிட்டாங்களா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது நினைவிருந்து கேட்டாளா, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா. இன்னிக்கி யாருமே கூப்பிடல" என்றேன்.

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு என் முட்டியைப் பிடித்துவிட்டாள்.

நீங்கள் வந்ததும் அவளிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள். சத்துக் குறைவு என்று நானே உங்களுக்கு எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

தம்பி